தலைக்கட்டு வரியும் தண்ணீர்த் தொட்டியும்

மக்காச்சோளம் அறுவடையாகிற காலத்தில் கள்ளக்குறிச்சி மாவட்டத்து நைனார்பாளையம் பக்கம் வந்தால் கண்ணில் படும் இடமெல்லாம் மஞ்சள்தான். களம் உள்ளவர்கள் களத்தில் காயப்போடுவார்கள். களம் இல்லாதவர்களுக்குத் தார்ச்சாலை ஓரம். அதுவும் கிடைக்காதவர்களுக்கு வீட்டு மெத்தை, அதாவது மொட்டைமாடி. நாலு நாள் வெயிலில் காய்ந்து மூட்டை பிடித்த பிறகு, மெத்தையின் மூலையில் சருகும் சக்கையும் ஒதுங்கிக் கிடக்கும். பக்கத்து வேப்பமரம் தன் பங்குக்கு இலையைக் கொட்டும். மழைத்தண்ணீர் இறங்குவதற்காகக் கைப்பிடிச் சுவரின் அடியில் வைத்த குழாயின் வாயில் இவை எல்லாம் போய் அடைந்துகொள்ளும். ஐப்பசி மழையில் மெத்தை ஒரு சிறு குட்டையாகிவிடும்.

தேங்கிய தண்ணீர் அவசரப்படாது. தளத்தில் உள்ள மயிரிழை வெடிப்பில் இறங்கி உள்ளே இருக்கும் கம்பியைத் தொடும். கம்பி துருப்பிடிக்கும். துரு, இரும்பைவிடப் பல மடங்கு இடம் கேட்கும். கான்கிரீட்டுக்குள் அந்த இடம் ஏது? ஆகவே அது காரையை உள்ளிருந்து நெட்டித் தள்ளும். முதலில் உட்கூரையில் ஈரத் திட்டு. அடுத்த வருடம் உப்பல். அதற்கடுத்த வருடம் தூங்கிக்கொண்டிருக்கும் பிள்ளையின் பாயருகே ஒரு சில்லு. அண்ணாந்து பார்த்தால் கம்பி தெரியும். வரவழைத்த கொத்தனார் ஒரு தட்டுத் தட்டிப் பார்த்துவிட்டுச் சொல்லும் தொகை, அந்தக் குடும்பத்தின் சில மாதக் கூலியாக இருக்கும். முதல் மழைக்கு முன் ஒரு ஆள் ஏறிக் குழாயின் வாயில் கையை விட்டுத் துழாவியிருந்தால் காலணா செலவில்லாமல் முடிந்திருக்கும் வேலை அது.

சொந்த வீட்டிலேயே இந்தக் கதை என்றால், நான்கு பேருக்குப் பொதுவான இடத்தைக் கேட்க வேண்டியதில்லை. தொகுப்பு வீடுகள் வரிசையாக நிற்கும் எந்தத் தெருவுக்கும் போய்ப் பாருங்கள். மேல்நிலைத் தொட்டியின் தூணில் ‘சுத்தம் செய்த நாள்’, ‘அடுத்து சுத்தம் செய்ய வேண்டிய நாள்’ என்று பெயின்டில் எழுதியிருக்கும். எதிரே தேதி இருக்க வேண்டிய இடம் வெறுமையாக இருக்கும். அல்லது போன வருடத்துத் தேதி வெளிறிப்போய் நிற்கும். குழாயடியில் திருகு போய்த் தண்ணீர் சொட்டும். அதன் வாயில் ஒரு துணி சுற்றியிருக்கும். சாக்கடையில் ஒரு பலகைக்கல் உடைந்து உள்ளே விழுந்திருக்கும். அதைத் தாண்டிப் போகப் பழகிக்கொண்ட கால்கள் நாளுக்கு நூறு முறை தாண்டும். கேட்டால் எல்லா ஊரிலும் ஒரே பதில்தான்: “அது பொதுதானுங்களே.”

அந்த ‘தானே’யில்தான் கோளாறு இருக்கிறது. பொது என்றால் எல்லாருக்கும் பங்கு உண்டு என்பது சொல்லின் பொருள். யாருக்கும் பொறுப்பில்லை என்பது நாம் பழக்கத்தில் ஏற்றிய பொருள். கூட்டாக வாழும் ஒரு குடியிருப்பு பாழாவதற்குப் பணமின்மை ஒரு காரணம், அதிகாரிகளின் மெத்தனம் ஒரு காரணம், ஒப்பந்ததாரரின் கைவரிசை ஒரு காரணம். எல்லாவற்றுக்கும் அடியில் கிடப்பது ஒன்றுண்டு: அங்கே யாருடைய முறை என்று எழுதிவைத்த ஒரு தாளும், வாங்கிய காசுக்குக் கணக்குச் சொல்லும் ஒரு நாளும் இல்லை. முறையும் கணக்கும் இருக்கிற இடத்தில் ஏழைத் தெருவும் நிமிர்ந்து நிற்கும். அவை இல்லாத இடத்தில் கோடீஸ்வரர்களின் மாளிகையும் சரியும்.

பூட்டிக் கிடந்த நூறு வீடுகள்

தமிழ்நாட்டின் கூட்டுக் குடியிருப்புகளில் பெருங்கனவோடு எழுந்தவை பெரியார் நினைவு சமத்துவபுரங்கள். முதலாவது, மதுரை மாவட்டம் மேலக்கோட்டையில் 1998 ஆகஸ்ட் 17 அன்று அன்றைய முதலமைச்சர் மு. கருணாநிதியால் திறக்கப்பட்டது. ஒரு சமத்துவபுரத்துக்கு 100 வீடுகள்; ஆதிதிராவிடருக்கு 40, பிற்படுத்தப்பட்டோருக்கு 25, மிகப் பிற்படுத்தப்பட்டோருக்கு 25, ஏனையோருக்கு 10. ஊர் ஒரு பக்கம், சேரி ஒரு பக்கம் என்று பிரிந்தே கிடந்த மண்ணில், ஒரே தெருவில் ஒரே அளவு வீட்டில் எல்லாரையும் குடிவைக்கும் முயற்சி. அதன் பெருமையைக் குறைத்துச் சொல்வதற்கில்லை.

அந்த வரிசையில் ஒன்று நமக்குப் பக்கத்தில் இருக்கிறது. கள்ளக்குறிச்சி தனி மாவட்டமாக 2019 நவம்பரில் பிரிவதற்கு முன் நாமெல்லாம் விழுப்புரம் மாவட்டத்துக்காரர்கள்தாம். அந்த விழுப்புரம் மாவட்டத்தில், வானூர் ஒன்றியம் கொழுவாரியில் ஒரு சமத்துவபுரம் கட்டப்பட்டது. சுவர் எழுந்தது, தளம் போட்டாயிற்று, கதவும் வைத்தாயிற்று. 2011இல் ஆட்சி மாறியது. கதவு திறக்கவில்லை. பத்தாண்டுகளுக்கும் மேலாகக் குடியில்லாமல் கிடந்த வீடுகளைச் சீர்செய்து, 2022 ஏப்ரல் 5 அன்று முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் திறந்துவைத்தார்.

ஆள் புழங்காத வீடு எத்தனை விரைவில் பாழாகும் என்பதை நம் பாட்டிமார் சொல்லித் தெரிந்துகொண்டிருக்கிறோம். கரையான் ஏறும், ஆலங்கன்று சுவரில் வேர்விடும், ஜன்னல் கம்பி ஒன்றிரண்டு காணாமல் போகும். கட்டியதற்கு ஒரு செலவு, காத்திருந்ததால் மறுபடி ஒரு செலவு. இரண்டும் மக்கள் பணம். கொழுவாரியில் எந்தக் கட்சி சரி, எந்தக் கட்சி தவறு என்று விவாதிப்பது எளிது. அதைத் தேநீர்க்கடையில் நன்றாகவே செய்துவிட்டோம். நம்மை உறுத்த வேண்டிய கேள்வி வேறு. திறப்பு விழாவுக்குக் கல்வெட்டு உண்டு. அடிக்கல்லுக்கும் கல்வெட்டு உண்டு. இடைப்பட்ட ஆண்டுகளுக்கும் பிற்பட்ட ஆண்டுகளுக்கும் எந்தக் கல்லிலும் எழுத்தில்லை. பராமரிப்பு என்பது யாரும் வந்து ரிப்பன் வெட்டாத வேலை. அதனால்தான் அது யாருடைய வேலையாகவும் ஆகாமல் போகிறது.

எது யார் தலையில்?

“அரசாங்கம் கட்டிக்கொடுத்த வீடு. அவங்களே வந்து பாக்கட்டும்” என்பது ஒரு வாதம். “வீட்டை இலவசமா வாங்கிக்கிட்டு ஒரு பல்புகூட மாத்தாத ஜனங்க” என்பது எதிர்வாதம். இரண்டும் பாதி உண்மை. பாதி உண்மைகள் சேர்ந்து முழு உண்மை ஆகிவிடுவதில்லை, சண்டைதான் ஆகிறது. ஆகவே பொறுப்பை மூன்று பத்தியாகப் பிரித்து எழுதிக்கொள்வது நல்லது.

முதல் பத்தி, கட்டுமானக் குறை. சிமென்ட்டில் குறைத்தது, கம்பியில் குறைத்தது, பூச்சில் ஏமாற்றியது ஆகியவை குடியிருப்பவரின் தலையில் வரவே கூடாது. சென்னை புளியந்தோப்பு கே.பி. பார்க்கில் நடந்ததை நாடே பார்த்தது. 2021 ஆகஸ்டில், குடிவந்து அதிக நாளாகாத அடுக்குமாடியில் சுவரைக் கையால் தேய்த்தாலே பூச்சு உதிர்ந்தது. அரசு ஐ.ஐ.டி. நிபுணர்களை அழைத்து ஆய்வு செய்யச் சொன்னது. பொறியாளர்கள் மீது நடவடிக்கை எடுத்தது. அந்த வீட்டுக்காரரிடம் போய் ‘உங்கள் குடியிருப்பு உங்கள் பொறுப்பு’ என்று சொன்னால் அது கேலி. மனை வணிகத்துக்காக 2016இல் வந்த மத்தியச் சட்டமே, வீட்டை ஒப்படைத்த ஐந்து ஆண்டுக்குள் கட்டுமானக் குறை தெரியவந்தால் கட்டியவர் தம் செலவில் 30 நாளுக்குள் சரிசெய்ய வேண்டும் என்கிறது. காசு கொடுத்து வாங்குபவனுக்கு இருக்கும் அந்த உரிமை, அரசு வீடு பெறும் ஏழைக்கும் நடைமுறையில் இருக்க வேண்டும். ஒப்பந்ததாரரின் பெயரும், அவர் எத்தனை ஆண்டுக்குப் பொறுப்பு என்பதும் வீட்டு வாசலில் எழுதப்பட வேண்டும்.

இரண்டாம் பத்தி, ஊராட்சியின் வேலை. மேல்நிலைத் தொட்டி, தெருவிளக்கு, சாக்கடை, சாலை, குப்பை. வீட்டு வரியும் குடிநீர்க் கட்டணமும் இவற்றுக்காகத்தான். இதில் குடியிருப்போரின் வேலை கேட்பது, விடாமல் கேட்பது, எழுத்தில் கேட்பது.

மூன்றாம் பத்தி, குடியிருப்போர் தாமே செய்ய வேண்டியது. மெத்தைக் குழாயில் இலை அள்ளுவது, குழாயடித் திருகை மாற்றுவது, சாக்கடையில் பிளாஸ்டிக்கைப் போடாதிருப்பது, சமுதாயக் கூடத்தைப் பூட்டித் திறப்பது, வெடிப்பைக் கண்டால் அன்றே சொல்வது.

கடைசியாகச் சொன்னது சிறிய வேலைபோலத் தெரியும். திருவொற்றியூர் அரிவாக்குளத்து மக்களைக் கேட்டால் அதன் எடை தெரியும். 1993இல் கட்டிய குடிசை மாற்று வாரியக் குடியிருப்பு அது. 2021 டிசம்பர் 27 அன்று 24 வீடுகள் கொண்ட ஒரு கட்டடம் அப்படியே சரிந்து மண்ணாயிற்று. ஓர் உயிர்ச்சேதமும் இல்லை. வெடிப்பு விரிவதைக் கண்டு, குடியிருந்தவர்கள் முன்னதாகவே வெளியேறியிருந்தார்கள். கண்ணில் பட்ட வெடிப்பை ‘பொதுச் சுவர்தானே’ என்று விட்டிருந்தால் அன்றைய செய்தி வேறாகியிருக்கும். வீட்டையும் தட்டுமுட்டுச் சாமானையும் இழந்ததற்கு அவர்கள் பொறுப்பில்லை. உயிர் தப்பியதற்கு அவர்களுடைய கண்தான் பொறுப்பு.

அதே ஆண்டில், குடிசை மாற்று வாரியம் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று பெயர் மாறியது. ‘நம் குடியிருப்பு நம் பொறுப்பு’ என்ற திட்டமும் வந்தது. குடியிருப்போர் சங்கம் அமைத்துப் பதிவு செய்வது, மாதப் பராமரிப்புத் தொகை வசூலிப்பது, வசூலான தொகைக்கு நிகராக அரசும் தன் பங்கைப் போடுவது என்பது அதன் அமைப்பு. நீ ஒரு ரூபாய் வை, நான் ஒரு ரூபாய் வைக்கிறேன் என்னும் இந்த ஏற்பாடு நியாயமானது. நகரத்துக்கு மட்டும் என்ன தனி நியாயம்? சின்னசேலம் ஒன்றியத்துத் தொகுப்பு வீட்டுத் தெருவுக்கும் கல்வராயன் மலைமேல் உள்ள குடியிருப்புகளுக்கும் இதே ஏற்பாடு ஊராட்சி வழியாக வர வேண்டும் என்பது நம் முதல் கோரிக்கை. 

பணம் இருந்தும் விழுந்த மாடி

‘ஏழைகள் என்பதால்தான் பராமரிக்க முடியவில்லை’ என்று சொல்பவர்களுக்காக ஓர் உலகச் செய்தி. அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்தில், மயாமிக்கு அருகே கடற்கரையோரம் சர்ஃப்சைடு என்ற ஊர். சேம்ப்லைன் டவர்ஸ் சவுத் என்ற 12 மாடிக் குடியிருப்பு. கடலைப் பார்த்த வசதியான வீடுகள். 2021 ஜூன் 24 நள்ளிரவுக்குப் பின் அதன் ஒரு பகுதி சரிந்தது. 98 பேர் இறந்தார்கள்.

2018இலேயே ஒரு பொறியாளர் அந்தக் கட்டடத்தைப் பார்த்து, நீச்சல்குளத் தளத்தின் கீழே உள்ள கான்கிரீட்டில் பெருஞ்சேதம் இருக்கிறது, தண்ணீர் வடியாமல் தேங்குவது காரணம் என்று எழுதிக்கொடுத்திருந்தார். நம் மெத்தையில் தேங்கும் அதே தண்ணீர்தான்! பழுது பார்க்கத் தொகை சொன்னதும் வீட்டுக்காரர்களுக்குள் தகராறு. யார் எவ்வளவு கொடுப்பது, இப்போதே ஏன் கொடுப்பது, இவ்வளவா ஆகும் என்று பேச்சு வளர்ந்தது. 2019இல் சங்க நிர்வாகிகள் பலர் பதவி விலகினார்கள். தள்ளிப்போடத் தள்ளிப்போடச் செலவு மதிப்பீடு ஏறியது. வேலை முழுமையாகத் தொடங்குமுன் கட்டடம் விழுந்துவிட்டது. விழுந்ததற்கு வடிவமைப்புக் குறை உட்படப் பல காரணங்கள் பேசப்படுகின்றன. ஆனால் எச்சரிக்கை கையில் இருந்தும் ஏறக்குறைய மூன்று ஆண்டுகள் கூட்டம் போட்டுக் கலைந்தார்கள் என்பது மறுக்க முடியாதது. பணம் இருந்தது. சங்கமும் இருந்தது. ஒருமித்த முடிவுதான் இல்லை.

எதிர்ப்புறத்தில் நம் ஆட்கள் பலர் பிழைக்கப் போயிருக்கும் சிங்கப்பூர். மக்களில் பெரும்பாலோர் வீவக எனப்படும் அரசு அடுக்குமாடிகளில் வாழ்கிறார்கள். 1988இல் வந்த நகர மன்றச் சட்டத்தின்படி, அந்தந்தப் பேட்டையின் பொது இடங்களைப் பார்த்துக்கொள்ள நகர மன்றங்கள் இருக்கின்றன. வீட்டுக்கு வீடு மாதக் கட்டணம் உண்டு. அதில் ஒரு பங்கு, பின்னாளில் வரப்போகும் லிஃப்ட், கூரை, பெயின்ட் வேலைகளுக்காகத் தனியே ஒதுக்கப்பட வேண்டும் என்பது சட்டம். கூரை ஒழுகிய பிறகு உண்டியல் தூக்கும் பழக்கம் அங்கில்லை. ஒழுகும் நாள் ஒன்று வரும் என்று தெரிந்து மாதாமாதம் எடுத்து வைக்கிறார்கள்.

நமக்குத் தெரியாத வித்தையா?

சிங்கப்பூருக்குப் போய்த்தான் இதைக் கற்க வேண்டும் என்றில்லை. திருவிழாவுக்குக் காப்புக் கட்டிவிட்டால் நம் ஊரில் என்ன நடக்கிறது? தலைக்கட்டுக்கு இவ்வளவு என்று வரி விழுகிறது. திருப்பூரில் வேலை பார்ப்பவரும் பெங்களூரில் கொத்து வேலைக்குப் போனவரும் அலைபேசியிலேயே அனுப்பிவிடுகிறார்கள். கூத்துக்கு முன்பணம், பந்தல், மேளம், பொங்கலுக்கு விறகு என்று ஒவ்வொன்றுக்கும் ஆள் நியமிக்கிறோம். தேர் இழுப்பது யார் முறை, கூழ் ஊற்றுவது யார் முறை என்பதில் ஒரு பிசகு வராது. விழா முடிந்த பின் ஒரு நாள் மரத்தடியில் உட்கார்ந்து வரவு, செலவு, மிச்சம் என்று வாசிக்கிறார்கள். ஐம்பது ரூபாய் இடித்தாலும் “அந்த பாக்கி என்னாச்சு?” என்று ஒரு குரல் எழும். வாசிப்பவர் பதில் சொல்லியாக வேண்டும்.

ஆயிரக்கணக்கில் வசூலித்து, வேலை பிரித்து, கணக்கு வாசித்து முடிக்கத் தெரிந்த இதே ஊர்தான், குழாயடித் திருகு ஒன்றுக்கு ஊராட்சித் தலைவரையும் பி.டி.ஓ.வையும் எதிர்பார்த்து ஆறு மாதம் துணி சுற்றி வைத்திருக்கிறது. இது இயலாமையாக இருக்க முடியாது.

இன்னும் பின்னே போனால் உத்திரமேரூர். முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 10ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பொறித்த கல்வெட்டுகள் குடவோலை முறைக்காகப் பாடப் புத்தகம் வரை வந்துவிட்டன. ஏரி வாரியம், தோட்ட வாரியம் என்று பொதுச் சொத்துக்கு வாரியங்கள் இருந்ததை அவை சொல்கின்றன. அவற்றில் நாம் அதிகம் பேசாத விதி ஒன்று இருக்கிறது: வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாமல் போனவர் மறுபடி வாரியத்துக்கு வர முடியாது, அவருடைய நெருங்கிய உறவினரும் வர முடியாது. ஆயிரத்து நூறு ஆண்டுக்கு முன் கணக்குக் காட்டாமை அவ்வளவு பெரிய குற்றம்.

குடிமராமத்தும் அப்படித்தான். ஏரிக் கரையில் உடைப்பு விழாமல் பார்ப்பதும், வாய்க்காலில் புல் செதுக்குவதும் பாசனம் பெறும் குடிகளின் கடமை. வழக்கம் தளர்ந்தபோது, வெள்ளையர் ஆட்சி 1858இல் சென்னை மாகாணத்தில் அதற்கென்றே ஒரு சட்டம் கொண்டுவந்தது. ஊர் தானாகச் செய்ததைச் சட்டம் போட்டுச் செய்விக்க நேர்ந்ததே ஒரு சரிவின் அடையாளம். பிறகு ஏரி பொதுப்பணித் துறைக்குப் போயிற்று. மண்வெட்டி வீட்டுக்குத் திரும்பிற்று.

பழம்பெருமை பேசி முடித்துவிட்டால் அது நேர்மையாகாது. உத்திரமேரூர் சபை பிராமணர்களின் சபை. நிலமும் வேதக் கல்வியும் உள்ளவருக்கே அங்கே ஓலை. குடிமராமத்தில் மண் சுமந்தவர்களில் எத்தனை பேருக்குச் சொந்தமாக ஒரு மடை இருந்தது? இன்றைய தலைக்கட்டு வரியிலும் காலனிக்காரரிடம் வரி வாங்காத ஊர்கள் உண்டு. வரி வாங்காதது சலுகையன்று. உனக்கு இதில் உரிமை இல்லை என்று சொல்வதற்கு அதுவே வழி. கைம்பெண் நடத்தும் குடும்பம் பல ஊர்களில் தலைக்கட்டாகவே எண்ணப்படாது. ஆகவே அந்த ஏற்பாட்டை அப்படியே பெயர்த்து வரச் சொல்லவில்லை. அதிலிருந்து முறையையும் கணக்கையும் எடுத்துக்கொள்வோம். யார் உள்ளே, யார் வெளியே என்று போட்ட கோட்டை அழித்துவிடுவோம். வீடு யார் பெயரில் இருந்தாலும், எந்தத் தெருவில் இருந்தாலும், வீட்டுக்கு ஒரு பங்கு, வீட்டுக்கு ஒரு குரல்.

அதற்கு ஏற்ற ஆட்களும் ஊரிலேயே இருக்கிறார்கள். 1989இல் தருமபுரியில் தொடங்கிய மகளிர் சுயஉதவிக் குழு இயக்கம் இன்று இல்லாத ஊர் இல்லை. வாரம் ஒரு நாள் கூடி, சந்தா வாங்கி, பேரேட்டில் எழுதி, வராதவர் பெயருக்கு நேரே குறி போட்டு, கடனையும் வட்டியையும் பைசா பிசகாமல் சொல்லும் பெண்கள் அவர்கள். சாக்கடை அடைத்தால் முதலில் நாற்றம் படுவதும், தொட்டி காய்ந்தால் குடத்தோடு அலைவதும் அவர்கள்தாம். குடியிருப்புப் பராமரிப்பின் கணக்கு நோட்டை அவர்கள் கையில் கொடுத்தால் பாதி வேலை அன்றே முடிந்தது.

சாலையோரக் கொடிகள்

இது தொகுப்பு வீட்டுத் தெருவோடு நிற்கிற விஷயமும் இல்லை. சின்னசேலம், கள்ளக்குறிச்சி பக்கம் போகும் சாலைகளில் கரும்பும் மரவள்ளியும் நின்ற கொல்லைகளில் இன்று வண்ணக் கொடிகள் நிற்கின்றன. மனை வாங்கப் போகிறவர் தண்ணீர் மட்டத்தைக் கேட்கிறார், பட்டாவைக் கேட்கிறார், சாலை எத்தனை அடி என்று கேட்கிறார். பூங்காவுக்கு என்று வரைபடத்தில் பச்சை அடித்த இடம் ஊராட்சியின் பெயரில் தானப்பத்திரம் ஆகிவிட்டதா என்று கேட்பவர் குறைவு. கேட்காமல் விட்ட பூங்காவில் முதலில் வைக்கோல்போர் வரும், பிறகு ஒரு கொட்டகை வரும், பிறகு ஒரு பெயர்ப்பலகை வரும். தன் மனைக்கு நாலு பக்கமும் கல் ஊன்றியவர், தனக்கும் பங்குள்ள பொது இடத்துக்கு ஒரு கல்லும் ஊன்றவில்லை.

அடுக்குமாடியும் இந்தப் பக்கத்துக்கு வராமல் போகாது. 1994ஆம் ஆண்டின் அடுக்குமாடி உரிமையாளர் சட்டத்துக்குப் பதிலாகத் தமிழ்நாடு 2022இல் புதுச் சட்டம் இயற்றி, 2024 மார்ச்சில் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. சங்கம் அமைப்பதும், பொது இடத்தின் பராமரிப்பில் பங்கு கொடுப்பதும் இனி விருப்பத்துக்கு விட்ட விஷயம் இல்லை. பழுதான கட்டடத்தை இடித்துக் கட்ட முன்பு எல்லாரும் சம்மதிக்க வேண்டியிருந்தது. ஒருவர் மறுத்தாலும் மற்றவர்கள் ஒழுகும் கூரைக்குக் கீழேதான். இனி மூன்றில் இரண்டு பங்கினர் ஒப்பினால் போதும். ஆனால் சட்டம் சங்கத்தைப் பதிவு செய்ய வைக்கும். கூட்டத்துக்கு ஆளைக் கொண்டுவந்து உட்கார வைக்காது. சங்கத்துக்குப் பணம் கட்டிவிட்டோம் என்று கணக்கைக் கேட்காமல் இருப்பவர், வரி கட்டிவிட்டோம் என்று கிராம சபைக்கு வராதவரின் நகரத்துத் தம்பி.

ஆறு நாள்கள்

என்ன செய்யலாம்? புதிதாக எதுவும் கண்டுபிடிக்க வேண்டாம்.

தமிழ்நாட்டில் கிராம சபை ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. அரசியல் சட்டம் தந்த அவை அது. கையெழுத்து வாங்கிக்கொண்டு போட்டோ எடுத்துக் கலையும் கூட்டமாக நாம் அதை ஆக்கிவைத்திருக்கிறோம். அடுத்த கூட்டத்துக்கு ஒவ்வொரு குடியிருப்பும் ஒரு தாளோடு போகட்டும். தாளில் மேலே சொன்ன மூன்று பத்தி. எந்தக் குறை கட்டியவர் தலையில், எந்தக் குறை ஊராட்சி தலையில், எந்த வேலை நம் தலையில் என்று பிரித்து எழுதியிருக்கட்டும். முதல் இரண்டையும் தீர்மானமாக்கி, நாள் குறித்துக் கேட்போம். அரசு வீடுகளைச் சீர்செய்ய 2024இல் ஊரக வீடுகள் சீரமைப்புத் திட்டம் அறிவிக்கப்பட்டது. நம் தெருவில் எத்தனை வீடு பட்டியலில் ஏறியது, எது ஏன் விடுபட்டது என்று அதே இடத்தில் கேட்கலாம். கேட்பவன் ஒருவனாக இருந்தால் வம்புக்காரன். நாற்பது பேராக இருந்தால் கிராம சபை.

மூன்றாம் பத்தியை நாம் அங்கேயே அறிவித்துவிடுவோம். தெருவுக்கு ஒரு நோட்டு. வீட்டுக்கு மாதம் ஒரு சிறு தொகை. கூலிக்குப் போகிற வீட்டுக்கு அது சுமையாகிவிடாத தொகை. கொடுக்க முடியாத முதியவர் வீடு ஒன்றிரண்டு இருந்தால் தெரு தாங்கிக்கொள்ளட்டும். பணத்துக்குப் பதில் ஒரு ஞாயிற்றுக்கிழமை உழைப்பு என்றாலும் சரி. ஆடிக் கடைசியில், மழைக்கு முன், எல்லா மெத்தையும் ஏறிக் குழாய் பார்ப்பது யார் முறை? தைப் பொங்கலுக்கு முன் வெள்ளை அடிக்கிறபோதே சமுதாயக் கூடத்துக்கும் ஒரு வாளிச் சுண்ணாம்பு யார் முறை? எழுதி, கூடத்துச் சுவரில் ஒட்டுவோம். மூன்று மாதத்துக்கு ஒரு முறை மரத்தடியில் கணக்கு. “அந்த பாக்கி என்னாச்சு?” என்று கேட்கிற அந்தக் குரல் இங்கேயும் எழட்டும்.

ஊராட்சியிடமும் ஒன்றியத்திடமும் கேட்க வேண்டியது ஒன்று உண்டு. மக்கள் முறை வைத்துச் செய்கிறார்கள் என்பதைக் காட்டி உங்கள் பொறுப்பைக் கை கழுவிவிடாதீர்கள். நாங்கள் இலை அள்ளுகிறோம் என்பதால் கம்பி தெரியும் கூரை எங்கள் செலவில் சேர்ந்துவிடாது. குடியிருப்போரிடம் சொல்ல வேண்டியதும் ஒன்று உண்டு. ஊராட்சி வராததைக் காட்டி நம் பங்கை விட்டுவிட வேண்டாம். அவர்கள் வருகிற நாளில் நம் நோட்டு நம் கையில் இருந்தால், நம் பேச்சுக்கு எடை கூடும்.

தொட்டித் தூணில் தேதி எழுதும் இடம் இன்னும் வெறுமையாகத்தான் இருக்கிறது. அடுத்த கிராம சபைக்கு முன் அதில் ஒரு தேதி ஏறட்டும். ஏறவில்லை என்றால், யாருடைய முறை அது என்று எழுந்து நின்று கேளுங்கள்.